இரண்டு வேப்ப மரங்களுக்கு நடுவே ஹேமாக் கட்டலாமா?

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கும் மாணவியின் கேள்வி இது. தோழிகள் சேர்ந்து ஆன்லைனில் பாராசூட் துணி ஹேமாக் (இரண்டு முனையிலும் கட்டித் தொங்கவிடும் படுக்கை) ஒன்று வாங்கியிருக்கிறார்கள். கேன்டீனுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு வேப்ப மரங்களில் அதைக் கட்டிப் படுத்திருக்கிறார்கள். வாட்ச்மேன் வந்து அவிழ்க்கச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்கு எடுத்துப்போனால் அங்கேயும் திட்டு. ‘மரத்தில் ஊஞ்சல் கட்டுவது அவ்வளவு பெரிய தப்பா? ஒழுங்காகக் கட்டுவது எப்படி?’ என்று கேட்டிருக்கிறார்.

தப்பில்லைம்மா. ஆனால் அந்த வாட்ச்மேன் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. நான் துறைமுகத்தில் ரிக்கிங் வேலை, அதாவது சரக்கைக் கட்டிக் கிரேனில் தூக்கும் வேலை, பார்த்து ஓய்வு பெற்றவன். கயிறு, பெல்ட், ஷேக்கிள், கொக்கி இவற்றோடுதான் வயது போனது. இப்போது எங்கள் தெருவில் மழைக்காலத்துக்கு முன்னால் மரங்களைப் பார்த்துக் கவாத்து செய்யச் சொல்லி அலைகிற நாலைந்து பேரில் ஒருவன். அதனால் கயிறு, மரம் இரண்டு பக்கமும் கொஞ்சம் பேசத் தெரியும்.

முதலில் இது நமக்குப் புதுசு இல்லை. தூளி கட்டாத வீடு உண்டா? ஹேமாக் என்ற பெயர் கரீபியன் தீவுகளில் இருந்த தைனோ மக்களிடமிருந்து வந்தது. 1492ல் கொலம்பஸோடு போனவர்கள் அங்கே பார்த்தார்கள். அப்புறம் ஐரோப்பிய மாலுமிகள் அதைக் கப்பலுக்குள் கொண்டுபோனார்கள், ஏனென்றால் கப்பல் எவ்வளவு ஆடினாலும் படுத்திருப்பவன் உருண்டு விழமாட்டான். காசிமேட்டில் பழைய வலையை மடித்துக் கட்டி மதியத் தூக்கம் போடுகிறவர்களை இன்றைக்கும் பார்க்கலாம். (நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். உப்பும் வெயிலும் தின்ற நூல் எப்போது விடும் என்று சொல்ல முடியாது.)

இனி மரத்துக்கு வருவோம். மரத்தின் தண்டு நடுவில் கட்டையாக இருப்பதால் முழுவதும் கல் மாதிரி என்று நினைக்கிறோம். உண்மையில் உயிரோட்டம் எல்லாம் பட்டைக்கு அடியில், மிக மெல்லிய வளையத்தில்தான். இலையில் தயாரான சாப்பாடு அந்த உள்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. பட்டையைச் சுற்றிலும் ஒரு வளையம் வெட்டுப்பட்டால், மேலே இலை பச்சையாக இருக்கும்போதே கீழே வேர் பட்டினி கிடக்க ஆரம்பிக்கும். மரம் உடனே சாகாது. அதனால் யார் செய்தது என்று தெரியவே தெரியாது.

எங்கள் தெருமுனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம். எந்தத் தேர்தலுக்கோ பேனர் கட்டிய ஜி.ஐ. கம்பியை அவிழ்க்காமல் விட்டுவிட்டார்கள். இப்போது கம்பி வெளியே தெரியவில்லை. அது இருந்த இடத்தில் தண்டைச் சுற்றி உதடு மாதிரி தடித்த மடிப்பு, அதற்குள் விரலை விட்டால் ஒரு பக்கம் மட்டும் துருப்பிடித்த முனை தட்டுப்படும். மடிப்புக்கு மேலே தண்டு பெருத்தும் கீழே சிறுத்தும் இருக்கிறது. கீழே போக வேண்டிய சாப்பாடு அங்கேயே தேங்கியதால் வந்த பெருக்கம் அது.

ஒரு மணி நேரம் படுப்பதால் இப்படி ஆகுமா என்று கேட்பீர்கள். ஆகாது. ஆனால் மெல்லிய நைலான் கயிறு கட்டி, ஆடிக்கொண்டே படுத்தால் கயிறு பட்டையில் ரம்பம் மாதிரி வேலை செய்யும். அதுவும் மழை பெய்து ஊறிய பட்டை என்றால் நகத்தால் கீறினாலே வந்துவிடும். வாரத்துக்கு மூன்று நாள், அதே மரம், அதே உயரம், ஒவ்வொரு முறையும் புதுப் பையன்கள் என்றால் ஒரு செமஸ்டருக்குள் காயம் தெரியும். உங்கள் ஹேமாக்கோடு பெட்டியில் வந்த கயிறு சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். அதை மரத்தில் சுற்றாதீர்கள். துணிக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தைச் சுற்றுவது தட்டையான, அகலமான பெல்ட்டாக இருக்க வேண்டும். குறைந்தது ஒரு அங்குல அகலம், இரண்டு அங்குலம் என்றால் இன்னும் நல்லது. அதற்கும் பட்டைக்கும் நடுவில் மடித்த சாக்கு. இதை எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித்தரவில்லை. சாலை வேலைக்கு வந்திருந்த ஒரு பெண் பிளாட்பாரத்து மரத்தில் பிள்ளைக்குத் தூளி கட்டினார். சேலையைக் கட்டுவதற்கு முன்னால் சிமென்ட் சாக்கை நாலாக மடித்துத் தண்டில் வைத்து, அதன்மேல் முடிச்சைப் போட்டார். எதற்கு என்று கேட்டேன். ‘வழுக்கிக் கீழ வராதுண்ணா’ என்றார். அவருக்குப் பிள்ளை கவலை. மரமும் சேர்ந்து பிழைத்துக்கொண்டது.

எந்த மரம் என்பதும் முக்கியம். தண்டின் சுற்றளவு இரண்டடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். டேப் இல்லையென்றால் துப்பட்டாவை ஒரு சுற்றுச் சுற்றி முழத்தால் அளந்துகொள்ளலாம். முற்றிய வேம்பு நல்ல மரம், நீங்கள் தேர்ந்தெடுத்தது சரிதான். பூவரசும் தடித்திருந்தால் தாங்கும். குல்மோஹரும், மஞ்சள் பூ உதிர்க்கும் இயல்வாகையும் பார்க்க அழகு, நிழலும் உண்டு, ஆனால் அவற்றை நம்பாதீர்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்தன. மறுநாள் காலை தெருவில் நடந்தவர்களுக்கு எந்தெந்த ஜாதி மரம் வேரோடு கிடந்தது என்று ஞாபகம் இருக்கும். காம்பவுண்டை ஒட்டி வரிசையாக நிற்கும் நெட்டிலிங்கம் உயரம்தான், தண்டு ஒல்லி. முருங்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ‘முருங்கை பருத்தால் தூணாகுமா’ என்று பாட்டிகளே சொல்லிவிட்டார்கள். கம்பி வேலி போட்ட இளங்கன்று பக்கமே போகாதீர்கள்.

தென்னையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதற்கு வேம்பு மாதிரி பட்டைக்கு அடியில் வளையம் கிடையாது. சாப்பாடும் தண்ணீரும் போகும் குழாய்கள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும். அதனால் பெல்ட்டால் தென்னைக்குப் பெரிய கெடுதல் இல்லை. கெடுதல் உங்கள் தலைக்குத்தான். தேங்காய் விழாவிட்டாலும் காய்ந்த மட்டை விழும்.

நம் பக்கத்தில் இன்னொரு சங்கதி. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் மண் பெரும்பாலும் மணல், தோண்டினால் சீக்கிரமே தண்ணீர். போதாததற்கு மரத்தைச் சுற்றி அடி வரைக்கும் சிமென்ட் கல். இதில் நிற்கும் மரத்தின் பிடி எப்படி இருக்கும் என்று மேலே இருந்து தெரியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பெரிய மழைக்கு அப்புறம், மண் காய்கிறவரை எந்த மரத்திலும் கட்ட வேண்டாம். தண்டின் அடியில் மண் வெடித்திருந்தால், காளான் முளைத்திருந்தால், தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம் வந்தால், விட்டுவிடுங்கள். அண்ணாந்து பார்த்துக் காய்ந்த கிளை இருக்கிறதா என்று கவனிப்பது, கட்டுவதற்கு முன்னால் செய்யும் முதல் வேலை. கோடையில் காக்கைக் கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். குஞ்சு வைத்திருக்கும் காக்கை மண்டையில் கொத்தாமல் விடாது.

இப்போது என் பாடம்: கோணம். கிரேன் கொக்கியிலிருந்து இறங்கும் பெல்ட்டின் இரண்டு கால்களும் எவ்வளவு படுக்கின்றனவோ, அவ்வளவு இழுவை கூடும். சரக்கின் எடை அப்படியே இருக்கும், பெல்ட்டுக்கு வரும் பாரம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஹேமாக்கிலும் அதே கணக்கு. 70 கிலோ ஆள் நடுவில் படுக்கிறார் என்று வையுங்கள். கயிறு தரைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் 70 கிலோ இழுவை. 15 டிகிரி என்றால் 135 கிலோ. 10 டிகிரி என்றால் 200. தொய்வே கூடாது என்று 5 டிகிரிக்கு விறைத்துக் கட்டினால் 400 கிலோ. ஒல்லியான பிள்ளை படுத்தாலும் மரத்தை ஒரு மாடு இழுக்கிற மாதிரிதான். நிறைய பேர் ‘தரையில் இடிக்குதுப்பா’ என்று இழுத்து இழுத்து விறைப்பாகக் கட்டுவதால்தான் கயிறு அறுகிறது, தண்டு வளைகிறது, தூண் சாய்கிறது.

வேலைத்தளத்தில் 30 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தூக்க விடமாட்டேன். ஹேமாக்குக்கும் அந்த 30தான் சரியான இடம். அளக்க ஒரு வழி உண்டு. துப்பாக்கி காட்டுகிற மாதிரி ஆட்காட்டி விரலைத் தரைக்குச் சமமாக நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்துங்கள். இரண்டு விரல் நுனிகளையும் சேர்த்து ஒரு கோடு போட்டால் அது ஏறக்குறைய 30 டிகிரி. உங்கள் பெல்ட் அந்தக் கோட்டோடு ஒத்துப்போக வேண்டும். மரங்களுக்கு இடையே பத்து முதல் பதினைந்து அடி இருந்தால், தண்டில் ஐந்து ஆறு அடி உயரத்தில் பெல்ட் வரும், படுக்கை நாற்காலி உயரத்தில், அதாவது ஒன்றரை அடியில், தொங்கும். அதற்கு மேலே ஏற்றாதீர்கள். விழுந்தால் முதுகெலும்பு என்பது ஞாபகம் இருக்கட்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மாடி, மூன்று மாடி கட்டி வீடியோ எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வேண்டவே வேண்டாம். படுக்கும்போது முதலில் நடுவில் உட்கார்ந்து, அப்புறம் காலைத் தூக்கி, கொஞ்சம் குறுக்காகப் படுங்கள். முதுகு நேராக இருக்கும், வாழைப்பழம் மாதிரி வளையாது.

மரம் இல்லாத இடத்தில் தூணைத் தேடுகிறார்கள். இதுதான் எனக்குப் பயம். என் அக்கா மகன் மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரின் செங்கல் தூணில் ஒரு முனையைக் கட்டினான், விறைப்பாக. உட்கார்ந்தான், அவ்வளவுதான், தூணின் மேல் பாதி அவன் பக்கமாகச் சாய்ந்தது. மணிக்கட்டு முறிந்ததோடு தப்பினான். செங்கல் தூண் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டில் இழுத்தால் அதற்குப் பலமே இல்லை. 2020ல் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் இப்படிச் செங்கல் தூணில் கட்டிய ஹேமாக்கில் இருந்த இரண்டு சகோதரிகள் தூண் விழுந்து இறந்தே போனார்கள். அதனால் கல்லூரி வராண்டா தூண், காம்பவுண்ட் கேட் தூண், கோல் போஸ்ட், எதுவும் வேண்டாம். தெருவிளக்குக் கம்பம் வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, மழைக்காலத்தில் மின்சாரக் கசிவைப் பற்றி நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். கட்சிக் கொடிக்கம்பத்தில் கட்டினால் வரும் ஆபத்து வேறு வகை.

சரி, அனுமதி. கல்லூரி வளாகம் கல்லூரியின் பொறுப்பு. அங்கே ஒருவர் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது முதல்வர், வேலை போவது வாட்ச்மேனுக்கு. அந்த அண்ணன் கடுமையாகப் பேசியது இதனால்தான். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் இதற்கு எழுத்தில் விதி வைத்திருக்கின்றன: இந்தந்த இடத்தில் மட்டும், அகலமான பெல்ட்டோடு மட்டும், இரவில் தொங்கவிடக் கூடாது, ஒரே மரத்தில் பல ஹேமாக் கூடாது. சில இடங்களில் மரத்தைத் தொடாமல் இருக்க இதற்கென்றே தூண்கள் நட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நீங்களும் தாவரவியல் துறை ஆசிரியர் ஒருவரையோ என்.எஸ்.எஸ். பொறுப்பாளரையோ பிடித்து, எந்த மரம், எந்த நேரம், என்ன பெல்ட் என்று ஒரு பக்கத்தில் எழுதி முதல்வரிடம் கொடுங்கள். ‘பெண் பிள்ளைகள் வெளியில் படுப்பதா’ என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அந்த வாதத்துக்கும் மரத்துக்கும் சம்பந்தமில்லை, மரத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வாருங்கள்.

பூங்கா வேறு கதை. அங்கேதான் கேள்வி கேட்ட உங்களோடு நான் சண்டை போடுவேன். வடசென்னையில் மரத்தைவிடப் பஞ்சம் நிழலுக்குத்தான். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கும் வீடுகள் நிறைய. நைட் டியூட்டி முடித்தவர் பகலில் தூங்க இடம் தேடிப் பூங்காவுக்கு வருவார். சிமென்ட் பெஞ்சு மதியத்தில் தோசைக்கல். மிச்சம் இருப்பது அந்த இரண்டு மூன்று மரத்தடிதான். பன்னிரண்டு அடிக்கு ஹேமாக் கட்டினால், எட்டுப் பேர் உட்காரும் நிழலில் ஒருவர் படுத்திருப்பார், அதற்கு அடியில் யாரும் உட்காரவும் மாட்டார்கள். 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்ததைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். வீட்டில் இடமில்லாதவர்களுக்கு எல்லாம் கூடம், தூங்கும் அறை, பேசுமிடம் எல்லாமே பூங்காதான். நாலு மணிக்குமேல் கூட்டம் வரும் நேரத்தில் கட்டினால் காவலாளி திட்டாவிட்டாலும் நான் திட்டுவேன்.

ஆகவே பூங்காவில் என்றால், வாசலில் இருக்கும் பொறுப்பாளரிடம் கேட்டு, அவர் சரி என்றால், கூட்டமில்லாத காலை நேரத்தில், யாரும் உட்காராத ஓரத்தில், ஒரு மணி நேரம். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நடைபாதைக்குக் குறுக்கே எந்தக் காரணத்துக்காகவும் கட்டாதீர்கள். பொழுது சாயும்போது ஓடிவருகிறவரின் கழுத்துக்கு நேராகப் பெல்ட் இருக்கும், கண்ணுக்கே தெரியாது. நான் பார்த்த ஒரு சாயங்காலம், சுண்டல் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்த பாட்டி ஒருவர் மரத்தைச் சுற்றி வந்தார். கூடை பெல்ட்டில் இடித்தது. பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்றைய சுண்டலில் பாதி புல்லில். படுத்திருந்த பையன்கள் காசு கொடுத்தார்கள், நல்ல பிள்ளைகள். என்றாலும் பாட்டி அதை வாங்கிக்கொண்டே திட்டியது தெருவுக்கே கேட்டது. பெல்ட்டில் ஒரு சிவப்புத் துணியாவது தொங்கவிடுங்கள்.

ஆணி, கொக்கித் திருகு எதுவும் மரத்தில் அடிக்கக் கூடாது. விளம்பரப் பலகைக்கு ஆணி அடிப்பதையே மாநகராட்சி தடுத்து, அடித்ததைப் பிடுங்கவும் செய்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஹேமாக்குக்குத் தடை போட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள், அதே கையோடு பிளாட்பாரத்துத் தூளியையும் அவிழ்க்கச் சொல்வார்கள். அது வேறு, இது வேறு. நமக்கு இது பொழுதுபோக்கு. அந்தப் பெண்ணுக்குப் பிள்ளையைப் படுக்க வைக்க வேறு இடம் கிடையாது.

கடைசியாக, பெல்ட் எங்கே வாங்குவது. ஹேமாக் கம்பெனி விற்கும் மர பெல்ட் நன்றாகத்தான் இருக்கும், விலைதான் கொஞ்சம் கடிக்கும். பாரிமுனையில் ரிக்கிங் சாமான் விற்கும் ஹார்டுவேர் கடையில் ‘ஒரு டன் பெல்ட் ஸ்லிங், கண் வச்சது’ என்று கேளுங்கள். பாலியெஸ்டர், ஊதா நிறம், இரண்டு முனையிலும் மடித்துத் தைத்த வளையம் இருக்கும், அதுதான் கண். எத்தனை டன் தாங்கும் என்பதை நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்: ஊதா ஒரு டன், பச்சை இரண்டு, மஞ்சள் மூன்று. லேபிள் தைத்திருப்பதாகப் பாருங்கள். மரத்தைச் சுற்றி ஒரு கண்ணுக்குள் இன்னொரு கண்ணை நுழைத்து இழுத்தால் போதும், முடிச்சே வேண்டாம். முடிச்சுப் போட்டால் கயிறோ பெல்ட்டோ அதன் பலத்தில் ஏறக்குறைய பாதி வரை போய்விடும். உயரம் மாற்ற வேண்டுமா, பெல்ட்டைத் தளர்த்தித் தண்டில் ஏற்றி இறக்குங்கள். கொக்கி அலுமினியமோ எவர்சில்வரோ வாங்குங்கள். சாதா இரும்புக் கொக்கி நம் கடற்காற்றில் ஒரு மழைக்காலம் தாண்டாது, ஸ்பிரிங் முதலில் துருப்பிடித்து மூடாமல் நின்றுவிடும். ஹேமாக் துணியையும் வெயிலில் விட்டுவைக்காதீர்கள், நைலான் வெயில் பட்டே நைந்துபோகும்.

நாலடிச் சுற்றளவு மரத்துக்கு இரண்டு மீட்டர் ஸ்லிங் போதும். மரம் அதைவிடப் பெரிது, அல்லது மரங்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன என்றால் மூன்று மீட்டர். கிளம்பும் முன்னால் இரண்டு மரத்தின் சுற்றளவையும் இடைவெளியையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை கண்ணளவிலேயே வாங்கி வந்து, ஒரு கண்ணுக்கும் இன்னொரு கண்ணுக்கும் அரையடி எட்டாமல், மறுபடி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பாரிமுனை போனவன்.